செயற்கைக் கண்: விழியின் வடிவத்தைச் செய்துவிட்டால் ரோபோவுக்குப் பார்வை வந்துவிடுமா?

ஆதிரை எழுதியது:

மின்னணுப் பொறியியல் இறுதியாண்டில் படிக்கிறேன். கல்லூரிக் கருத்தரங்கில் பேசுவதற்கு ரோபோக்களுக்கான செயற்கைக் கண் என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜியோங் ஃபானும் அவருடைய குழுவினரும் செய்து, 2020 மே மாதம் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட அரைக்கோளக் கண்தான் என் பேச்சின் மையம். அதைப் பற்றி வந்த செய்திகள் பலவும் "மனிதக் கண்ணை மிஞ்சிவிட்டது" என்ற தொனியில் இருக்கின்றன. மூலக் கட்டுரையைப் படித்த பிறகு எனக்கு வியப்பும் உண்டு, ஐயமும் உண்டு.

நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். அது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம். அதன் பின்பக்க உட்சுவராக, நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடு கிண்ணம் ஒன்று அமைந்திருக்கிறது. அந்தத் துளைகளுக்குள் பெரோவ்ஸ்கைட் என்ற ஒளியுணர் பொருளை ஆவி முறையில் நானோ கம்பிகளாக வளர்த்திருக்கிறார்கள். நம் விழித்திரையில் குச்சி செல்களும் கூம்பு செல்களும் நிற்பதுபோல அவை அடர்த்தியாகக் குத்திட்டு நிற்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளின் இடத்தில் அயனித் திரவம் நிரம்பியிருக்கிறது. பார்வை நரம்பின் இடத்தில், மெல்லிய ரப்பர் குழாய்களுக்குள் அடைத்த திரவ உலோகம் பின்புறமாக வெளியேறுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 46 கோடி கம்பிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். மனித விழித்திரையில் அதே பரப்புக்குச் சுமார் ஒரு கோடி ஒளியுணர் செல்களே உள்ளன. ஒளி பட்டதும் 19.2 மில்லிவினாடியில் சமிக்ஞை எழுகிறது, 23.9 மில்லிவினாடியில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மனிதக் கண்ணுக்கு இந்த அளவு 40 முதல் 150 மில்லிவினாடி வரை என்று ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். வடிவம், அடர்த்தி, வேகம் ஆகிய மூன்றும் கைகூடிவிட்டால் அதை மனிதப் பார்வைக்கு இணையானது என்று சொல்லலாமா? அல்லது, மனிதப் பார்வை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இந்த மூன்றிலும் இல்லையா?


ஒரகடம் செந்தில் எழுதியது:

பதினான்கு ஆண்டுகளாக உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விஷன் அமைப்புகளைப் பொருத்துவதுதான் என் வேலை. கன்வேயரில் வரும் பாகத்தைக் கேமரா பார்க்க வேண்டும், நல்லதா ரிஜெக்டா என்று சொல்ல வேண்டும், ரோபோவின் கைக்கு இடத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இப்படிப்பட்ட செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது ஒன்றே ஒன்று: எத்தனை பிக்சல்?

அந்தக் கண்ணில் பத்துக்குப் பத்து, மொத்தம் நூறு பிக்சல்கள். 46 கோடி கம்பிகள் இருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கம்பிகளை வளர்த்தவரையும், அந்தக் கம்பிகள் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாகச் சமிக்ஞையை வெளியே கொண்டுவருபவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பின்னால் போகும் திரவ உலோகக் குழாய் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் பருமன் உள்ளது. அதன் காலடியில் லட்சக்கணக்கான கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பிக்சலாகிவிடுகின்றன. ஊரில் வீடு கோடி இருந்தாலும் வெளியே போகும் சாலை நூறுதான் என்றால் எப்படி? அவர்கள் படம்பிடித்துக் காட்டியவை ஆங்கில எழுத்துகள். கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கேமராவில் பத்து லட்சம் பிக்சல்களுக்கு மேல் இருக்கின்றன. ஆராய்ச்சி சிறப்பானதுதான். "மிஞ்சிவிட்டது" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது.


கண்ணாடிக் கடைக்காரர் எழுதியது:

செந்தில் தம்பி சொல்வது சரி. ஆயினும் நம்முடைய கண்ணிலும் ஏறத்தாழ அதே கதைதான் நடக்கிறது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். முப்பது ஆண்டுகள் கண் பரிசோதனைப் பணியில் இருந்து, இப்போது கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். ஒரு கண்ணில் சுமார் 12 கோடிக் குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருப்பதாகப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. பார்வை நரம்பில் இருக்கும் இழைகளோ ஏறத்தாழ பத்து லட்சம் முதல் பன்னிரண்டு லட்சம் வரைதான். ஆக, சராசரியாக நூறு செல்களுக்கு ஒரு சாலைதான் இங்கும்.

வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், அந்தச் சாலைகளைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது. விழித்திரையின் மையப்பகுதியான மஞ்சள் புள்ளியின் நடுவே உள்ள சிறு குழியில் ஒவ்வொரு கூம்பு செல்லுக்கும் தனிச் சாலை உண்டு. ஓரத்துக்குப் போகப் போக, நூற்றுக்கணக்கான குச்சி செல்கள் ஒரே இழையில் சேர்கின்றன. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் பார்வைப் பரப்பில் உண்மையிலேயே கூர்மையாக இருப்பது அந்த நகத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் மங்கல். கடைக்கு வருபவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்; ஒரு சொல்லின் மேல் பார்வையை நிறுத்திவைத்து அதற்கு நான்கு சொல் தள்ளி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னால் திகைத்துப்போவார்கள். மங்கல் நமக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், கண் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவி வேண்டிய இடத்துக்கு அந்தச் சிறு குழியைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான்.

ஆகவே ஆதிரையின் பட்டியலில் வடிவம், அடர்த்தி, வேகம் ஆகியவற்றோடு, எங்கே பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த ஹாங்காங் கண் அடர்த்தியை எல்லா இடத்திலும் ஒரே சீராக வைத்திருக்கிறது, எங்கும் திரும்புவதில்லை.

அந்தக் கண் நம்மை உண்மையாகவே மிஞ்சிய இடம் ஒன்று இருக்கிறது. நம் விழித்திரையில் நரம்பு இழைகள் ஒளி வரும் பக்கத்தில், அதாவது செல்களுக்கு முன்னால் ஓடி, ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து துளையிட்டுக்கொண்டு பின்னால் போகின்றன. அந்தத் துளைதான் குருட்டுப்புள்ளி. ஹாங்காங் குழுவினர் வயர்களைப் பின்பக்கமாகவே கொண்டுபோய்விட்டதால் அந்தக் குறை அங்கே இல்லை. ஆக்டோபஸின் கண்ணும் அப்படித்தான். அதற்கும் குருட்டுப்புள்ளி கிடையாது.


நிரலன் எழுதியது:

எனக்கு இந்த விவாதத்தின் அடிப்படையே புரியவில்லை. கண் எதற்காக உருண்டையாக இருக்க வேண்டும்? நம் கண் உருண்டையாக இருப்பது, அது குழிக்குள் உருள வேண்டியிருப்பதால். ரோபோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை; தட்டையான சென்சாரை நான்கு பக்கமும் நான்கு வைத்தால் சுற்றிலும் தெரியும். அதற்கு மேல் ஆழக் கற்றல் வலைப்பின்னல், அதாவது ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய, அடுக்கடுக்கான நிரல் பார்த்துக்கொள்ளும். பறக்கும் இயந்திரத்துக்குச் சிறகடிக்கத் தெரிய வேண்டியதில்லை என்பதுபோல, பார்க்கும் இயந்திரத்துக்குக் கருவிழி தேவையில்லை.


கண்ணாடிக் கடைக்காரர் எழுதியது:

நிரலன் அவர்களே, உருள்வதற்காக மட்டும் உருண்டையாக இருக்கிறது என்பது பாதிதான் உண்மை. ஒரு எளிய லென்ஸ், தன் முன்னே இருக்கும் காட்சியைத் தட்டையான பரப்பில் குவிப்பதில்லை. கிண்ணம்போல வளைந்த பரப்பில்தான் குவிக்கிறது. 1840இல் வியன்னாவில் உருவப்பட லென்ஸை வடிவமைத்த ஜோசப் பெட்ஸ்வால் பெயரால் அந்த வளைவை இன்றும் அழைக்கிறார்கள். கிண்ணத்தில் விழ வேண்டிய படத்தைத் தட்டில் பிடித்தால் நடு தெளிவாக இருக்கும், ஓரம் கலங்கும். அதைச் சரிசெய்யத்தான் கேமரா லென்ஸுக்குள் ஐந்து, ஆறு, சில சமயம் பத்துக் கண்ணாடிகளை அடுக்குகிறார்கள். நம் கண்ணுக்குப் பின்சுவரே கிண்ணமாக இருப்பதால், முன்னால் கருவிழிப் படலமும் ஒரே ஒரு லென்ஸும் போதுமாயிற்று. வானியலாளர்கள் ஷ்மிட் வகைத் தொலைநோக்கிகளில் படம் பதியும் கண்ணாடித் தகட்டையே வளைத்துப் பொருத்தினார்கள். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கியின் 42 சென்சார்களும் வளைந்த பரப்பின் மீதுதான் அடுக்கப்பட்டிருந்தன.


ஆதிரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இந்தக் காரணத்தை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. நான் தேடியபோது கிடைத்த இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன்: வளைந்த சென்சாருக்கான முயற்சி ஹாங்காங்கில் தொடங்கியதல்ல. 2008இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர், சிலிக்கான் உணரிகளைத் தட்டையாகவே செய்து, அவற்றை இணைக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள் மட்டும் வளைந்து கொடுக்கும்படி அமைத்தார்கள். அரைக்கோள வடிவ ரப்பரை இழுத்துத் தட்டையாக்கி, அதன்மேல் அந்த வலையை ஒட்டி, பிறகு ரப்பரை மீண்டும் சுருங்க விட்டார்கள். வலையும் அதனோடு சேர்ந்து கிண்ணமாகிவிட்டது. அதில் 16க்கு 16 என்று 256 பிக்சல்கள் இருந்தன. சிலிக்கான் தகடு வளைந்தால் நொறுங்கும் என்ற சிக்கலைச் சமாளிக்கத்தான் இவ்வளவு பாடு. ஹாங்காங் குழுவினர் நேராகக் கிண்ணத்திலேயே கம்பியை வளர்த்து அந்தச் சிக்கலைத் தவிர்த்திருக்கிறார்கள்.

அப்படிப் பார்த்தால், பன்னிரண்டு ஆண்டுகளில் பிக்சல் எண்ணிக்கை 256இலிருந்து 100க்கு இறங்கியிருக்கிறதே என்று செந்தில் அண்ணா கேட்கக்கூடும்!


ஒரகடம் செந்தில் எழுதியது:

கேட்கத்தான் இருந்தேன். இன்னொன்றும் கேட்கிறேன். பெரோவ்ஸ்கைட் ஈரக்காற்று பட்டால் கெட்டுப்போகும் பொருள். அவர்கள் பயன்படுத்தியதில் காரீயமும் இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் எங்கள் தொழிற்சாலைக் கொட்டகைக்குள் இருக்கும் ஈரத்தில் சாதாரணக் கேமராவின் லென்ஸுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கிறது. அந்தக் கண்ணை அங்கே கொண்டுவந்து ஓராண்டு வைத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.


தும்பி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நரம்பியல் சார்ந்த சில்லு (சிப்) வடிவமைப்பில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கண்ணின் உடலைப் பற்றிப் பேசுகிறீர்கள். விழித்திரை செய்யும் வேலையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

கேமரா என்ன செய்கிறது? வினாடிக்கு முப்பது முறையோ அறுபது முறையோ எல்லா பிக்சல்களையும் படித்து அனுப்புகிறது. எதிரே சுவர் இருந்தாலும், அந்தச் சுவரில் ஒன்றுமே மாறாவிட்டாலும், அதே சுவரை வினாடிக்கு அறுபது முறை அனுப்புகிறது. 1280க்கு 1024 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 8 பிட், வினாடிக்கு 60 ஃபிரேம் என்று கொண்டால் 63 கோடி பிட்டுகள் ஆகின்றன. மனித விழித்திரை முழுவதும் மூளைக்கு அனுப்புவது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி பிட்டுகள்தான் என்று 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர், கினிப் பன்றியின் விழித்திரையை அளந்து அதிலிருந்து மதிப்பிட்டார்கள். அந்த ஒரு கோடியை வைத்துக்கொண்டுதான் நாம் பேருந்து நெரிசலில் இறங்கி, சாலையைக் கடந்து, எதிரில் வருபவரை அடையாளம் கண்டு சிரிக்கவும் செய்கிறோம்.

இது எப்படி முடிகிறதென்றால், விழித்திரை என்பது மூளையிலிருந்து வெளியே நீண்டு வந்த ஒரு பகுதி. அனுப்புவதற்கு முன்பே அது கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுகிறது. மாறாத வெளிச்சத்தைப் பற்றி அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. விளிம்பையும் மாற்றத்தையும்தான் பெரும்பாலும் சொல்கிறது. இதை முதன்முதலில் சில்லில் செய்து காட்டியவர் மிஷா மஹோவால்ட் என்ற இளம் ஆய்வாளர். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்வர் மீடிடம் மாணவியாக இருந்தபோது சிலிக்கான் விழித்திரையை உருவாக்கி, 1991இல் அதைப் பற்றி இருவரும் பொதுவாசகர்களுக்கும் எழுதினார்கள். 1996இல் மிக இளம் வயதில் அவர் மறைந்துவிட்டார். இந்தத் துறையின் தொடக்கத்தைப் பேசும்போது அவர் பெயரை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வழியில் சூரிக்கில் டோபி டெல்ப்ரூக்கும் பேட்ரிக் லிக்ட்ஸ்டைனரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 2008இல் வெளியிட்ட 128க்கு 128 பிக்சல் சென்சார்தான் இன்றைய ஈவென்ட் கேமராக்களின் முன்னோடி. அதில் ஃபிரேம் என்பதே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் தானே கவனித்துக்கொண்டிருக்கும். அது குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ மட்டும் "இங்கே மாறியது" என்று சொல்லும். சுணக்கம் 15 மைக்ரோவினாடி. ஒரே காட்சியில் ஒன்றுக்குப் பத்து லட்சம் என்ற வெளிச்ச வேறுபாட்டையும் தாங்கும். வழக்கமான கேமராவோ ஒன்றுக்கு ஆயிரத்தை ஒட்டித் திணறத் தொடங்கும். சுரங்கப்பாதையிலிருந்து வெயிலுக்கு வண்டி வெளியே வரும் அந்த நொடியில் கேமரா வெளுத்துப்போவதை நினைத்துப் பாருங்கள்.

2020இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்கராமுஸா குழுவினர் ஒரு ட்ரோனில் இதைப் பொருத்தி, எதிரே பந்தை எறிந்தார்கள். பார்த்ததிலிருந்து விலகத் தொடங்கும் வரை 3.5 மில்லிவினாடி. அதில் இருந்த சென்சார் தட்டையானதுதான். உருண்டைக் கண் எதுவும் இல்லாமலேயே, அது மனிதக் கண்ணை ஒத்திருந்தது என்பேன். ஒத்திருந்தது அதன் நடத்தை.


மழைக்காடு எழுதியது:

எங்கள் வீட்டில் பார்வையிழந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கண்களைப் பிற்காலத்தில் மனிதர்களுக்குப் பொருத்த இயலுமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


தும்பி எழுதியது:

ஹாங்காங் குழுவினர் அப்படியொரு நோக்கத்தையும் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் கண்ணைச் செய்வதும், அதைப் பார்வை நரம்போடு இணைப்பதும் வேறு வேறு வேலைகள். பத்து லட்சம் இழைகளில் எந்த இழைக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் கடினம். இப்போதைக்கு மனிதர்களுக்குப் பொருத்தப்படுபவை விழித்திரையில் வைக்கும் சிறிய சில்லுகள். அவையும் குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டுமே பயன்படும். அந்தப் பெரியவரைத் தகுந்த கண் மருத்துவரிடம் காட்டுங்கள். செய்தியில் வரும் ரோபோக் கண்ணை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம்.


மட்டுறுத்துநர் எழுதியது:

மனிதர்களுக்கான விழித்திரைச் சில்லுகளைப் பற்றிப் பேச விரும்புவோர் தனி இழை தொடங்கலாம். இந்த இழை ரோபோவின் பார்வையோடு நிற்கட்டும்.


நிரலன் எழுதியது:

தும்பி அவர்களின் பதிவைப் படித்தபின் என் முந்தைய கருத்தை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். உருண்டை வேண்டாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் "கண் வெறும் குழாய், அறிவெல்லாம் பின்னால்" என்று நான் நினைத்திருந்தது தவறு. நாங்கள் எழுதும் நிரலில் முதல் இரண்டு மூன்று அடுக்குகள் விளிம்பைக் கண்டுபிடிப்பதிலேயே கழிகின்றன. அதைச் சென்சாரே செய்து கொடுத்தால் மின்சாரமும் நேரமும் மிச்சம். ஒரு சிக்கல் மட்டும் சொல்கிறேன்: எங்களிடம் இருக்கும் பயிற்சித் தரவு முழுவதும் சாதாரணப் புகைப்படங்கள். மாற்றத்தை மட்டும் சொல்லும் சென்சாருக்கு அவற்றை அப்படியே பயன்படுத்த முடியாது.


ஒரகடம் செந்தில் எழுதியது:

தும்பி சகோதரி சொன்ன கேமராவை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு விற்பனைப் பிரதிநிதி ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்து வேலை செய்து காட்டினார். முதல் ஐந்து நிமிடம் எங்களுக்குத் தலை சுற்றியது. ஒன்றுமே அசையாதபோதும் திரை முழுவதும் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பிறகுதான் புரிந்தது: அந்தக் கொட்டகையில் பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகள் இருந்தன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அந்த விளக்கு வினாடிக்கு நூறு முறை மங்கி எரியும். நமக்குத் தெரியாது, அந்தக் கேமராவுக்குத் தெரிகிறது. எங்கள் டிசி எல்இடி விளக்கை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை அணைத்த பின் படம் அமைதியானது.

அதன் வேகத்தில் எனக்கு ஐயமில்லை. எங்கள் கன்வேயர் வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது; எக்ஸ்போஷரை, அதாவது ஒரு படத்துக்கு ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 2 மில்லிவினாடி வைத்தால் படம் ஒரு மில்லிமீட்டர் இழுபடும், அதில் கீறல் தெரியாது. ஈவென்ட் கேமராவில் அந்த இழுவை தெரியவில்லை. ஆனால் கன்வேயர் நின்றதும் பாகம் மறைந்துவிட்டது. திரையில் ஒன்றுமே இல்லை. நின்றுகொண்டிருக்கும் பாகத்தை எடுப்பதுதான் ரோபோவின் வேலை. ஓடும்போது மட்டும் தெரிந்து, நின்றதும் குருடாகிவிடும் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?


தும்பி எழுதியது:

செந்தில் அண்ணா, நீங்கள் கண்டது பழுதல்ல. நம் கண்ணும் அப்படித்தான். 1950களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ரஷ்யாவிலும், கண் எங்கு அசைந்தாலும் படமும் அதனோடு சேர்ந்து அசையும்படி கண்ணின் மேலேயே சிறு கருவியைப் பொருத்திச் சோதித்தார்கள். ரஷ்யாவின் ஆல்ஃபிரெட் யார்பஸ் உறிஞ்சு கோப்பை போன்ற ஒன்றைக் கண்ணின்மேல் ஒட்டிப் பார்த்தார். விழித்திரையில் படம் நகராமல் நின்றுவிட்டால் சில வினாடிகளில் அது வெளிறி மறைந்துவிடுகிறது. கருவி இல்லாமலேயே இதை வீட்டில் உணரலாம்: நம் விழித்திரைக்கு முன்னால் இரத்தக் குழாய்கள் கிளை பரப்பிக் கிடக்கின்றன, அவற்றின் நிழல் எப்போதும் அதே இடத்தில் விழுவதால் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. இருட்டறையில் மங்கலான சிறு டார்ச்சைக் கண்ணின் ஓரமாகப் பிடித்து மெல்ல ஆட்டினால், நிழல் இடம் மாறுவதால், இலையுதிர்ந்த மரம்போல அந்தக் கிளைகள் தோன்றும்.

அப்படியானால் சுவரை வெறித்துப் பார்க்கும்போது சுவர் ஏன் மறைவதில்லை? நாம் அசையாமல் பார்ப்பதாக நினைக்கும்போதும் கண் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஐயா சொன்ன பெரிய தாவல்களுக்கு நடுவே மிகச் சிறிய தாவல்கள் ஓயாமல் நடக்கின்றன. இதைத்தான் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் 2024இல் சயின்ஸ் ரோபாட்டிக்ஸ் இதழில் வெளியிட்ட அமைப்பில் செய்தார்கள். ஈவென்ட் கேமராவுக்கு முன்னால் ஆப்பு வடிவப் பட்டகம் (பிரிசம்) ஒன்றை வைத்து, அதை மோட்டாரால் சுழற்றினார்கள். பட்டகம் சுழலச் சுழலப் படம் முழுவதும் சிறு வட்டமாக ஆடுகிறது. ஆகவே நின்றுகொண்டிருக்கும் பொருளின் விளிம்பும் தெரிந்துகொண்டே இருக்கிறது. ஆட்டத்தின் அளவு முன்பே தெரியும் என்பதால் மென்பொருள் அதைக் கழித்துவிடுகிறது.

ஏன் மேலும் கீழுமாக மட்டும் ஆட்டாமல் வட்டமாக ஆட்டினார்கள் என்பது முக்கியம். ஒரு விளிம்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் கேமராவை ஆட்டினால் அந்த விளிம்பு தெரியாது; கம்பியை அதன் நீளவாக்கிலேயே இழுத்தால் மாற்றம் எதுவும் தெரியாதல்லவா, அதுபோல. வட்டமாக ஆட்டினால் எந்தத் திசை விளிம்பும் தப்பாது.


கண்ணாடிக் கடைக்காரர் எழுதியது:

தும்பி அம்மா சொன்னதோடு தொடர்புடைய ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். பிறவியிலேயே கண்புரையோடு பிறந்து, பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பின் அறுவை சிகிச்சை பெறும் பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா, பிரகாஷ் திட்டம் என்ற பெயரில் வட இந்தியாவில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்து, அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதையும் ஆராய்ந்து வருகிறார். 2011இல் வெளியான ஆய்வில், 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரை, கட்டு அவிழ்த்த ஓரிரு நாட்களுக்குள் சோதித்தார்கள். கையால் தடவிப் பார்த்த பொருளைக் கண்ணால் பார்த்து இதுதான் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள். கண் சரியாகிவிட்டது, ஒளி உள்ளே போகிறது, ஆனால் எது பொருள், எது நிழல் என்று தெரியவில்லை.

எனக்கு மறக்க முடியாதது 2009இல் வெளிவந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வு. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் வடிவங்களை அசையாமல் காட்டினால், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு துண்டையும் தனிப் பொருளாக எண்ணிவிடுகிறார்கள். அதே வடிவத்தை அசைத்துக் காட்டினால், சேர்ந்து அசைவதெல்லாம் ஒரே பொருள் என்று பிடித்துக்கொள்கிறார்கள். அசைவில் தொடங்கித்தான் அசையாத படத்தையும் பிரிக்கக் கற்கிறார்கள். புகைப்படங்களை மட்டும் லட்சக்கணக்கில் காட்டி ரோபோவைப் பழக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.


நிரலன் எழுதியது:

எண்ணிப் பார்க்கிறோம் ஐயா. காணொளியிலிருந்து கற்கும் முறைகள் இப்போது பரவலாகத்தான் வருகின்றன. ஆனால் ஒரு எதிர்க்கேள்வி: மனிதக் கண்ணையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? தென்கொரியாவில் 2023இல் கணவாயின் கண்ணைப் பார்த்துச் சமமற்ற வெளிச்சத்தைச் சமாளிக்கும் கேமராவையும், 2024இல் பூனையின் கண்ணைப் பார்த்து, செங்குத்துப் பிளவுக் கண்மணியும் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பும் கொண்ட கேமராவையும் செய்திருக்கிறார்கள். ஹாங்காங் குழுவினரே 2024இல், அதே நானோ கம்பி முறையில், ஊசித்துளைகள் கொண்ட பூச்சிக் கண் ஒன்றைச் செய்து ட்ரோனில் பொருத்தினார்கள்; 140 பாகைப் பரப்பைப் பார்க்கிறது. தரையில் கிடக்கும் நட்டைப் பொறுக்கும் ரோபோவுக்குக் கோழியின் கண் போதாதா?


கண்ணாடிக் கடைக்காரர் எழுதியது:

கோழி தலையை வெட்டி வெட்டி நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணைக் குழிக்குள் உருட்டுவதில் அது நம் அளவுக்குத் தேர்ந்ததல்ல. ஆகவே தலையையே ஓரிடத்தில் நிறுத்திவைத்து, உடல் முன்னே வந்ததும் சட்டென்று தள்ளுகிறது. நிறுத்தும்போது தெளிவு, தள்ளும்போது ஆழம். எந்தப் பிராணியை எடுத்தாலும் கண்ணோடு ஓர் அசைவு சேர்ந்தே வருகிறது தம்பி. கண்ணை மட்டும் கடன் வாங்கி அசைவை விட்டுவிட்டால் பாதிக் கடன்தான்.


ஆதிரை எழுதியது:

என் பேச்சின் பாதி இப்போது மாறிவிட்டது. ஹாங்காங் கண்ணை முதலில் சொல்லி, பெட்ஸ்வால் வளைவைச் சொல்லி, நூறு பிக்சலை மறைக்காமல் சொல்லி, பிறகு மஹோவால்டிலிருந்து மேரிலாந்து வரை போகலாம் என்று எண்ணுகிறேன். செந்தில் அண்ணா, உங்களுக்குக் காட்டிய கேமராவில் பட்டகம் இல்லாமலேயே நின்ற பாகத்தைப் பார்க்க வழி உண்டா என்று ஒருமுறை சோதிக்க இயலுமா? கேமராவையே மெல்ல ஆட்டினால் என்ன நடக்கும்?


ஒரகடம் செந்தில் எழுதியது:

அந்தப் பிரதிநிதியிடம் கேட்டு இரண்டு நாள் கடனாக வாங்கினேன். நேற்று இரவு ஷிஃப்ட் முடிந்த பிறகு பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி ஸ்டாண்டில் பொருத்தி, கன்வேயரில் ஒரு பேரிங் வளையத்தை நிமிர்த்தி வைத்தேன். கன்வேயர் ஓடும்போது வளையம் துல்லியமாகத் தெரிந்தது. நிறுத்தியதும் முன்புபோலவே திரை வெறுமையாயிற்று. ஸ்பேனரால் ஸ்டாண்டைத் தட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. மீண்டும் பலமாகத் தட்டினேன். லேசாக ஏதோ மின்னியது.

அப்போது பின்பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பாரத்தோடு தரைப்பள்ளத்தில் இறங்கி ஏறியது. தரை அதிர்ந்தது. திரையில் வளையத்தின் மேல் வளைவும் கீழ் வளைவும் பளிச்சென்று தோன்றி மறைந்தன. இடப்பக்கமும் வலப்பக்கமும் தோன்றவில்லை. அதிர்வு மேலும் கீழுமாக மட்டும் வந்ததால்தான் அப்படி என்று தும்பி சகோதரி எழுதியதைப் படித்திராவிட்டால், சென்சாரில் பழுது என்று எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஸ்பேனரால் தட்டியபோது ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்தது. அந்த ஸ்டாண்டின் கேமரா தட்டுக்குக் கீழே அதிர்வைத் தடுக்கும் ரப்பர் கட்டைகள் நான்கு இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, படம் ஆடுகிறது என்று புகார் வந்தபோது, இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றைப் பொருத்தியவன் நானே. நாளை இரவு அவற்றைக் கழற்றிவிட்டு, பழைய கைப்பேசி ஒன்றின் அதிர்வு மோட்டாரை ஸ்டாண்டில் கட்டிப் பார்க்கப் போகிறேன். வட்டமாக ஆட்டுவதற்கு அதை எந்தக் கோணத்தில் கட்ட வேண்டும் என்று தும்பி சகோதரி சொன்னால் உதவியாக இருக்கும்.